பாஸ்-ஃபெயிலும் பெற்றோரும்: வங்கப் பள்ளிக் கல்வியில் தர அளவுகோல்களின் வரலாறு

மேற்கு வங்க அரசு 1980களின் தொடக்கத்தில் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலத்தை நீக்கியதும், பின்னர்ப் படிப்படியாக இறங்கி வந்து 2004-இல் முதல் வகுப்பிலேயே அதனை மீண்டும் வைத்ததும் இந்திய மொழிக் கொள்கை வரலாற்றில் பலராலும் எடுத்துரைக்கப்பட்ட செய்திகளாகும். தாய்மொழிவழிக் கல்வியை வற்புறுத்துவோர் இதனைப் பெற்றோரின் ஆங்கில மோகத்துக்குச் சான்றாகக் காட்டுவர். ஆங்கிலத்தை வற்புறுத்துவோர் ஆட்சியாளரின் பிடிவாதத்துக்குச் சான்றாகக் காட்டுவர். ஆனால் இரு சாராருமே ஒரு செய்தியை விரைந்து கடந்து விடுகின்றனர். ஆங்கிலம் நீங்கிய அதே காலத்தில், அதே பாடத்திட்டச் சீர்திருத்தத்தின் பகுதியாக, தொடக்க வகுப்புகளில் 'பாஸ்-ஃபெயில்' முறையும் நீங்கியது. எதிர்ப்பியக்கத்தார் எழுப்பிய கோரிக்கைகளில் இவ்விரண்டும் இணைந்தே நின்றன. ஆங்கிலமும் வேண்டும், பாஸ்-ஃபெயிலும் வேண்டும் என்று கேட்ட பெற்றோர், உண்மையில் எதனைக் கேட்டனர்? மொழியை மட்டும் கேட்டிருந்தால் இரண்டாவது கோரிக்கை பொருளற்றதாகிவிடும். பள்ளியில் நடப்பது என்ன என்பதைத் தாமே படித்தறியத்தக்க ஒரு சான்றினையும் அவர்கள் கேட்டனர் என்பது இக்கட்டுரையின் கருத்து. அச்சான்று வங்கத்தில் எவ்வாறு உருவாகி, எவ்வாறு தேர்வு என்னும் ஒரே வடிவத்துக்குள் ஒடுங்கிற்று என்பதை இது ஆராய்கிறது.

தரை, பனையோலை, வாழையிலை, தாள்

வில்லியம் ஆடம் 1835-க்கும் 1838-க்கும் இடையில் வங்கம், பீகார் பகுதிகளின் நாட்டுப் பள்ளிகளைப் பற்றி மூன்று அறிக்கைகளை அளித்தார். முதல் அறிக்கையில் அவர் மதிப்பிட்ட ஒரு லட்சம் பள்ளிகள் என்னும் எண்ணிக்கை பின்னாளில் மிகுந்த சர்ச்சைக்குள்ளாயிற்று. எண்ணிக்கை எவ்வாறாயினும், பள்ளிக்குள் நடந்ததைப் பற்றி அவர் தரும் விவரம் இன்றும் பயனுடையது. பாடசாலையில் மாணவன் நான்கு நிலைகளைக் கடந்தான். முதலில் தரையில் எழுத்தெழுதிப் பழகினான். அடுத்துப் பனையோலையில் எழுதினான். பின்னர் வாழையிலைக்கு வந்தான். இறுதியில் தாளில் எழுதினான். வேளாண் கணக்கு, வணிகக் கணக்கு, கடிதம் வரைதல் ஆகியவையே பாடத்தின் முடிபு. கணக்கு விதிகளைச் சுபங்கரின் பெயரால் வழங்கிய செய்யுள்களாக மனப்பாடம் செய்வித்தனர். எண்சுவடியை ஒப்புவித்த நம் திண்ணைப் பள்ளியை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

இங்குக் கருதத்தக்கது யாதெனில், எழுதப்படும் பொருளே வகுப்பின் பெயராக நின்றமையாகும். பிள்ளை வாழையிலைக்கு வந்துவிட்டான் என்பதை எழுத்தறியாத தந்தையும் கண்ணால் காணலாம். அவன் ஒரு கடன் பத்திரத்தை எழுத வல்லனா, நில அளவையைக் கணக்கிட வல்லனா என்பதை ஊர்ப் பேச்சிலேயே அறியலாம். குருவுக்கு ஊதியம் அளித்தவர் பெரும்பாலும் பெற்றோரே. பணமாகவும் தானியமாகவும் பண்டிகைக் கொடையாகவும் அது வழங்கப்பெற்றது. கூலி கொடுத்தவரே சோதகராகவும் இருந்தனர். இதனைப் பொற்காலமாகக் காட்டுவதற்கில்லை. பெண் குழந்தைகள் ஏறத்தாழ முழுமையாகப் புறத்தே நின்றனர். பிரம்படியும் கொடுமையான தண்டனைகளும் பள்ளியின் அன்றாட வழக்காயிருந்தன. எனினும் கல்வியின் தரம் என்பது அங்குப் பெற்றோர்க்கு விளங்காத பொருளாக இருக்கவில்லை.

வங்க மொழியில் மனப்பாடத்தைக் குறிக்கும் 'முகஸ்த' என்னும் வடசொல்லை நோக்கினால் மற்றொன்றும் புலப்படும். வாயில் நிற்பது என்பது அதன் சொற்பொருள். கல்வியின் சான்று கேட்கத்தக்கதாக, வாயிலிருந்து வெளிப்படுவதாக இருந்த காலத்தின் சுவடு அது. பிற்காலத்தில் அதே சொல் கல்விச் சீர்திருத்த எழுத்துகளில் பழிச்சொல்லாயிற்று. வீடுகளிலோ அது பெரிதும் பாராட்டாகவே நின்றது. ஒரு சொல்லின் இவ்விருவகை மதிப்பே பிற்காலப் பூசல் முழுவதையும் உள்ளடக்கியதாகும்.

நுழைவுத் தேர்வின் எழுச்சி

1844-இல் ஹார்டிஞ்சு வெளியிட்ட தீர்மானம் ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கு அரசுப் பணியில் முன்னுரிமை அளித்தது. 1854-இல் வுட் அனுப்பிய கல்வி ஆணை உதவி மானிய முறைக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வழிவகுத்தது. 1857-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் தோன்றி, அவ்வாண்டிலேயே நுழைவுத் தேர்வை நடத்தியது. அதற்கு வந்தோர் 244 பேர். அடுத்த ஆண்டில் நடந்த முதல் பி.ஏ. தேர்வில் வென்றவர் இருவரே. பங்கிம் சந்திர சட்டோபாத்யாயர் அவருள் ஒருவர். அவ்விருவரும்கூட ஒரு பாடத்தில் கருணை மதிப்பெண் பெற்றே தேறினர் என்பது பல்கலைக்கழக வரலாற்றில் பதிவாகியுள்ளது. வங்கத்தின் தலைசிறந்த உரைநடையாசிரியரை முதல் தேர்விலேயே கருணையால் கரையேற்ற நேர்ந்த அளவுகோலைப் பற்றி நகைத்துக்கொள்ளலாம். ஆனால் அவ்வளவுகோல் நிலைத்துவிட்டது.

இந்நுழைவுத் தேர்வு பல்கலைக்கழகத்தின் வாயிலாக அமைக்கப்பட்டதேயன்றிப் பள்ளியின் முடிவாக அமைக்கப்பட்டதன்று. ஆயினும் அலுவலகங்கள் அதனையே தகுதியாகக் கேட்டன. ஆகவே பள்ளியில் பயிலும் அனைவர்க்கும் அதுவே இலக்காயிற்று. 1860களின் தொடக்கத்தில் பெரும்பாலான பாடங்களுக்கு விடைகளை ஆங்கிலத்திலேயே எழுதவேண்டும் என்னும் விதி வந்தபின், வரலாறும் நிலநூலும் கணிதமும்கூட ஆங்கிலப் பாடங்களாகவே மாறின. பாடசாலையின் நான்கு நிலைகளைக் கண்ணால் கண்டறிந்த பெற்றோர்க்கு இப்போது பள்ளிக்குள் நடப்பது தெரியாது. ஆனால் பட்டியலில் பெயர் வந்ததா, எந்த டிவிஷனில் வந்தது என்பது தெரியும். புதிய கல்வி அவர்களுக்குத் தந்த ஒரே சொல் 'பாஸ்' என்பதாகும். ஆங்கிலம் அறியாத வங்காளியும் முதலில் கற்ற ஆங்கிலச் சொற்களுள் இதுவும் ஒன்றாயிருக்கக் கூடும்.

இதே காலத்தில் மானியத்தையும் தேர்வோடு பிணைக்கும் வழக்கம் பிரிட்டனிலிருந்து வந்தது. ராபர்ட் லோவின் 1862-ஆம் ஆண்டுத் திருத்த விதிகள், ஒவ்வொரு குழந்தையும் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தேறுவதைப் பொறுத்துப் பள்ளிக்குப் பணம் வழங்கின. ஆய்வாளராயிருந்த மேத்யூ ஆர்னால்டு அதனை இடைவிடாது எதிர்த்தார். விளைவுக்கேற்ற மானியம் எனப்படும் அம்முறை சென்னை, பம்பாய் மாகாணங்களிலும் வேரூன்றியது. அவ்விதிகள் வகுத்த தேர்வுப் படிகளுக்கு 'ஸ்டாண்டர்ட்' என்று பெயர். தமிழகத்தார் 'அஞ்சாம் ஸ்டாண்டர்ட்' என்று வகுப்பைச் சுட்டிய பேச்சு வழக்கில் அந்தத் தேர்வின் நிழல் படிந்திருக்கிறது. தரம், வகுப்பு, தேர்வு மூன்றும் ஒரே சொல்லில் குழைந்தமைக்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை. 1904-இல் கர்சன் அரசின் கல்விக் கொள்கைத் தீர்மானம் இம்முறையையும் தேர்வுகளின் மேலாட்சியையும் கடிந்துரைத்தது. கடிந்துரை எழுதுவது எளிதாயிருந்தது. அரசுப் பணிக்குத் தேர்வுச் சான்றிதழைக் கேட்பதை எவரும் கைவிடவில்லை.

தேர்வைச் சுற்றி ஒரு தனிச் சொற்றொகுதியே வங்க மொழியில் வளர்ந்தது. பாடநூலின் சொற்களுக்கு உரையெழுதிய நூல் 'மானே பொயி', அதாவது பொருள் நூல். விடைகளை ஆயத்தமாகத் தந்தது 'நோட் பொயி'. வரக்கூடிய வினாக்களை ஊகித்துரைக்கும் பட்டியல் 'சாஜேஷன்'. ஆங்கிலத்தில் கருத்துரை எனப் பொருள்படும் சொல் வங்கத்தில் வினாக் குறியாக மாறிய விந்தை இது. பல பள்ளிகளின் முன்தேர்வு வினாத்தாள்களைத் தொகுத்த தடித்த நூல் 'டெஸ்ட் பேப்பர்'. மொழிபெயர்ப்பாளர் இச்சொற்களை அகராதியில் தேடிப் பயனில்லை. ஒவ்வொன்றும் பெற்றோர் தம் பணத்தால் வாங்கிய ஒரு பொருளைக் குறிக்கிறது. தேர்வை நோக்கிக் கற்பித்தலை ஆசிரியரின் குறையாக மட்டும் காண்போர், இச்சந்தையில் வாங்குவோர் யார் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

இரவீந்திரநாத் தாகூர் 1892-இல் எழுதிய கல்விக் கட்டுரையிலேயே பள்ளிக்கும் வாழ்வுக்கும் இடையிலான பிளவைச் சுட்டினார். 1918-இல் வெளிவந்த அவருடைய கிளிக்கதையில், கூண்டும் ஏடுகளும் பெருகப் பெருகக் கிளி இறந்துபடுகிறது. அக்கதையில் அரசன் உண்டு, பண்டிதர் உண்டு, கொல்லர் உண்டு. கிளியின் பெற்றோர் இல்லை. அங்கத நூலில் அது குறையன்று. ஆனால் அக்கதையைப் பின்பற்றி எழுந்த சீர்திருத்த எழுத்துகள் பலவற்றிலும் பெற்றோர் இடம் பெறாமற்போனது குறையே.

விதிவிலக்காக ஒருவரைச் சுட்டலாம். டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்டு, வங்கத்தின் இருமொழியத்தைப் பற்றி 1926-இல் வெளியிட்ட நூலில், படிப்பை இடையில் நிறுத்தும் மாணவனுக்கு எஞ்சுவது என்ன என்று வினவினார். ஆயுள் காப்பீட்டை இடையில் முறிப்போர்க்குக் கிடைக்கும் தொகையின் பெயரைக் கடன் வாங்கி, ஒவ்வோர் ஆண்டுப் பாடத்துக்கும் ஒரு 'சரண் மதிப்பு' வேண்டும் என்றார். பேச்சாங்கிலத்தை முதலில் கற்பித்தால் பாதியில் நின்றவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. வாசிப்பை முதலில் கற்பித்தால் ஓரளவேனும் மிஞ்சும் என்பது அவர் துணிபு. மொழி கற்பிக்கும் முறைகளைப் பற்றிய வரலாறுகளில் வெஸ்டு வாசிப்பு முறையின் முன்னோடியாகவே நினைக்கப்படுகிறார். ஆனால் அவர் கேட்ட வினா ஒரு பெற்றோரின் வினா: இவ்வளவு ஆண்டு அனுப்பினேன், கையில் என்ன வந்தது?

வங்க மொழியும் தேர்வுவழியே உயர்ந்தது என்பதை இவண் மறைத்தல் கூடாது. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1940-இல் மெட்ரிகுலேஷன் தேர்வை வங்கமொழிவழி நடத்தத் தொடங்கியது. அதற்கு முன்னரே, 1930களின் நடுவில், ராஜசேகர் பாசுவின் தலைமையில் கலைச்சொற் குழுவும் எழுத்துக்கூட்டல் குழுவும் அமைந்தன. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைப் பலர் திருத்தும்போது ஒரு சொல்லுக்கு ஓர் எழுத்துக்கூட்டலும் ஒரு கருத்துக்கு ஒரு சொல்லும் வேண்டும். மொழித் தரப்பாட்டுக்குப் பின்னால் இலக்கியவாணரின் ஆர்வத்தோடு, விடைத்தாள் திருத்துவோரின் தேவையும் நின்றது என்று கொள்வதில் தவறில்லை.

1981-க்குப் பின்

விடுதலைக்குப் பின் கோத்தாரி ஆணையம் (1964-66) தொடக்கக் கல்வியில் தாய்மொழிக்கே முதலிடம் அளித்து, ஆங்கிலத்தை ஐந்தாம் வகுப்புக்கு முன் தொடங்க வேண்டாம் என்னும் கருத்தைக் கொண்டிருந்தது. மேற்கு வங்கத்தில் 1974-இல் அமைக்கப்பட்ட ஹிமாங்சு பிமல் மஜும்தார் குழுவும் தொடக்க நிலையில் ஒரே மொழியையும், மாணவரை நிறுத்திவைக்காமல் மேல்வகுப்புக்கு அனுப்புவதையும் பரிந்துரைத்தது. 1977-இல் ஆட்சிக்கு வந்த இடது முன்னணி 1981-இல் புதிய பாடத்திட்டத்தைக் கொணர்ந்தது. 1983 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் இல்லை. அது ஆறாம் வகுப்பில் தொடங்கியது.

இக்கொள்கையின் நோக்கம் குறைகூறத்தக்கதன்று. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த குழந்தை, தெரியாத மொழியால் திணறி, முதல் வகுப்பிலேயே தோற்று, பள்ளியை விட்டு நின்றுவிடும் கொடுமை உண்மையானது. அதனைக் களைய எண்ணியது நேர்மையான செயல். மொழியியல் நோக்கிலும் கொள்கைக்கு வலிமையான சான்றுகள் இருந்தன. ஆனால் சீர்திருத்தம் ஏணியின் அடிப்படிகளைத் திருத்திற்றேயன்றி உச்சியைத் தொடவில்லை. பத்தாம் வகுப்பின் முடிவில் மாத்யமிகத் தேர்வு முன்போலவே நின்றது. அதில் ஆங்கிலம் கட்டாயப் பாடம். தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகளை விதி கட்டுப்படுத்தவில்லை. பெற்றோர் உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் கணக்கிட்டனர்: பத்தாண்டில் கற்றதைச் சோதித்த தேர்வுக்கு இனி ஐந்தாண்டில் ஆயத்தமாக வேண்டும், பணமுள்ளவன் பிள்ளை மழலையர் வகுப்பிலேயே தொடங்குகிறான். இக்கணக்கை மோகம் என்று அழைப்பது முறையன்று. இது கணக்கே.

இதனினும் நுட்பமான மாற்றம் ஒன்று ஆறாம் வகுப்புக்கு மேல் நிகழ்ந்தது. 1980களில் மேனிலை வகுப்புகளுக்கு வந்த புதிய ஆங்கிலப் பாடநூல் வரிசை கருத்துப் பரிமாற்ற முறையைத் தழுவியது. இலக்கண விதிகளைத் தனியே கற்பிப்பதைத் தவிர்த்தது. முந்தைய முறையில் வங்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பு, வாக்கிய மாற்றம், வினைவடிவங்கள் என்று மாணவனின் ஏட்டில் சரி, தவறு எனக் குறிக்கத்தக்கவை நிறைந்திருந்தன. அம்முறையிலே பயின்ற தந்தையோ தமையனோ மாலையில் அவ்வேட்டைத் திருத்தக்கூடும். புதிய நூலில் இருவர் உரையாடுக, படத்தைப் பற்றிக் கூறுக என்றிருந்தால், வீட்டிலிருப்பவர் எதனைத் திருத்துவது? பி.கே. தே சர்க்காரின் பழைய இலக்கண, மொழிபெயர்ப்பு நூல் பாடத்திட்டத்துக்குப் புறத்தே தொடர்ந்து விற்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். தாகூரின் 'சஹஜ் பாட்' (1930) என்னும் அரிச்சுவடியை விலக்கும் முயற்சி அதே காலத்தில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்ததையும் இதனோடு வைத்து எண்ணுதல் தகும். நந்தலால் போசின் படங்களோடு கூடிய அந்நூலின் இலக்கிய மதிப்பைப் பற்றியே அறிஞர் வாதிட்டனர். பெற்றோர்க்கோ அது தாமும் படித்த நூல். பிள்ளை தடுமாறும் இடத்தில் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்க அவர்களால் இயன்றது.

பின்வாங்கல் குழுக்களின் வழியே நடந்தது. பொருளியலறிஞரும் முன்னாள் நிதியமைச்சருமான அசோக் மித்ராவின் ஆணையம் 1992-இல் ஆங்கிலத்தை ஐந்தாம் வகுப்புக்குப் பரிந்துரைத்தது. 1998-இல் இச்சிக்கலை முன்வைத்து மாநிலம் தழுவிய கடையடைப்பே நடந்தது. அவ்வாண்டில் மொழியியலாளர் பவித்ர சர்க்கார் ஒருநபர் குழுவாக அமர்த்தப்பெற்று, மூன்றாம் வகுப்பின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலத்தைத் தொடங்கலாம் என்றார். 1999-இல் மூன்றாம் வகுப்பில் தொடங்கிற்று. 2004-இல் முதல் வகுப்பு. மொழியியலாளர் ஒருவர் தம் துறையின் முடிபுகளையும் பெற்றோரின் அச்சத்தையும் எடைபோட்டு, 'மூன்றாம் வகுப்பின் பிற்பகுதி' என்னும் வியப்பான நுண்மையுடைய இடத்தில் வந்து நின்றதை, ஆய்வும் அரசியலும் சந்திக்கும் இடத்தின் ஆவணமாகவே கொள்ளலாம். பிற்காலத்துப் பொருளியல் ஆய்வுகள், இக்கொள்கைக்கு உட்பட்ட தலைமுறையினரின் கூலி வருவாயில் இழப்பு ஏற்பட்டதாகக் காட்டின. அவ்விழப்பு தாய்மொழிவழிக் கல்வியின் குறையா, ஆங்கிலத்துக்கே கூலி தரும் சந்தையின் குறையா என்பதை எண்கள் சொல்லமாட்டா.

இதற்கிடையில் பெற்றோர் தம் அளவுகோலை வேறோர் இடத்திற்கு மாற்றிக்கொண்டனர். அமர்த்திய சென் நிறுவிய பிரதீசி அறக்கட்டளை 2002-இல் வெளியிட்ட கல்வி அறிக்கை, தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குக்கூடத் தனிப்பயிற்சி இன்றியமையாதது என ஏழைப் பெற்றோரும் கருதும் நிலையைக் கவலையோடு பதிவு செய்தது. தனிப்பயிற்சியின் பரவலில் மேற்கு வங்கமும் திரிபுராவும் இந்திய மாநிலங்களுள் முன்னணியில் இருப்பதைத் தேசிய மாதிரி ஆய்வு பின்னரும் காட்டியது. தனிப்பயிற்சி ஆசிரியருக்குக் கூலி கொடுப்பவர் பெற்றோர். அவர் தரும் சான்றை உடனுக்குடன் கேட்டுப் பெறுபவரும் அவரே. ஆடம் கண்ட குருவின் இடத்தில் இவர் வந்து அமர்ந்தார்.

மூல்யாயன் என்னும் சொல்

வங்கத்தில் நிகழ்ந்தது பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. பாடச் சுமையைப் பற்றி நாடாளுமன்ற மேலவையில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் எழுப்பிய குரலும் யஷ்பால் குழுவின் 1993-ஆம் ஆண்டு அறிக்கையும் சீர்திருத்தத்துக்கு நல்ல பின்புலம் அமைத்தன. பையின் எடையைக் காட்டிலும், புரியாமற்போதலே பெருஞ்சுமை என்று அவ்வறிக்கை கூறியதும், பாடநூல்களின் உயிரற்ற நடையைக் கண்டித்ததும் மொழித்துறையினர் நினைவிற் கொள்ளத்தக்கவை. 2010 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்புவரை நிறுத்திவைத்தலை விலக்கி, தேர்வுக்கு ஈடாகத் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டை வைத்தது.

இம்மதிப்பீட்டின் பெயர் மொழிகளில் எவ்வாறு இறங்கிற்று என்பது கவனத்துக்குரியது. இந்தியில் 'சதத் ஏவம் வ்யாபக் மூல்யாங்கன்'. வங்கத்தில் 'நிரபச்சின்ன ஓ சார்பிக் மூல்யாயன்'. தமிழில் 'தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு'. அதன் உட்பிரிவுகளுக்குத் தமிழில் 'வளரறி', 'தொகுத்தறி' என்னும் சொற்கள் ஆக்கப்பட்டன. இவை ஆக்க நெறியில் பழுதற்றவை. 'வளரறி' என்னும் வினைத்தொகை அழகியதும்கூட. ஆனால் இவற்றை ஆக்கியோர் மனத்தில் இருந்த வாசகர் ஆசிரியரே. மதிப்பீட்டுப் படிவத்தின் இறுதியில் கையொப்பமிடும் தாய்க்கு எனத் தனியே ஒரு மொழிபெயர்ப்பு உருவாகவில்லை. 'பாஸ்', 'நம்பர்', 'ஃபர்ஸ்ட்' என்னும் மூன்று சொற்களால் நூற்றைம்பது ஆண்டு பேசிய பள்ளி, திடீரென்று அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டதாகவே அவருக்குத் தோன்றியிருக்கும். சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஆசிரியர் பெற்றோரை முறையாகச் சந்தித்துக் குழந்தையின் கற்கும் திறனையும் முன்னேற்றத்தையும் தெரிவிக்க வேண்டும் என்று கடமையாக்கியது. நிறுத்திவைக்காமையைப் பற்றிய 16-ஆம் பிரிவு நாடெங்கும் வாதத்துக்குள்ளானது. 24-ஆம் பிரிவின் அத்தொடரைப் பற்றி எழுந்த பேச்சு மிகக் குறைவு.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-இல் இம்மதிப்பீட்டு முறையைக் கைவிட்டு, 2018-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஐந்திலும் எட்டிலும் தேர்வு நடத்தவும், மறுதேர்விலும் தேறாதாரை நிறுத்திவைக்கவும் அரசுகளுக்கு இசைவளித்தது. 2024 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், தன் நேரடிப் பொறுப்பிலுள்ள பள்ளிகளில் அதனைச் செயற்படுத்தின. தமிழ்நாடு எட்டாம் வகுப்புவரை நிறுத்திவைக்காமையையே தொடர்வதாக அறிவித்தது. அவ்விதிகளில் இரு தொடர்கள் அருகருகே உள்ளன. ஒன்று, நிறுத்திவைக்கப்பட்ட குழந்தைக்கும், தேவையாயின் பெற்றோர்க்கும் வகுப்பாசிரியர் வழிகாட்ட வேண்டும் என்பது. மற்றொன்று, தேர்வு மனப்பாடத்தைச் சாராது திறனைச் சார்ந்து அமைய வேண்டும் என்பது. இரண்டாவது தொடரிலுள்ள 'திறன்' என்னும் கருத்துக்கு வங்கத்திலும் இந்தியிலும் 'தக்ஷதா' வழங்குகிறது. வங்கப் பேச்சில் அச்சொல் கைத்தொழிலாளனின் தேர்ச்சிக்கும் பயன்படுவது. பனையோலையிலிருந்து வாழையிலைக்கு வந்த பிள்ளையைப் பற்றியும் சொல்லத்தக்கது. விதிகளை மாநில மொழிகளில் பெயர்க்கும் பணி நடைபெறும்போது, அச்சொல்லோடு எந்தெந்த எடுத்துக்காட்டுகள் சேர்க்கப்படுகின்றன, அவை யாரை நோக்கி எழுதப்படுகின்றன என்பவற்றை மொழிபெயர்ப்பாளரே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.